பன்னிரண்டு மான்களும் ஒரு வரி ஆந்தையும்

1

இந்தக் கதை திருட்டு வழியில் என்னிடம் வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும்.

2007, ஏப்ரல் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் சௌகத் அலியின் ஜெராக்ஸ் கடை. ‘நாட்டுப்பற்றும் நாய்க்கடியும்’ என்ற என் கட்டுரையை (யாரும் போடவில்லை, தேட வேண்டாம்) பிரதி எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி நின்றிருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். சித்திரை வெயிலில் குடைகூட இல்லாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் துணி பைண்டு செய்த பழைய புத்தகங்கள் நான்கு, ஒரு ஃபைல். நான்கு புத்தகத்திலும் ஒரே ஒரு பக்கம்தான் வேண்டும் என்றார். நாற்பத்தொன்றாம் பக்கம்.

“மிஷின் சூடாயிடுச்சு மேடம், அஞ்சு நிமிஷம் ஆறட்டும்,” என்றார் சௌகத் அலி.

“பாய், உங்க மிஷின் என்னைக்கு ஆறியிருக்கு?” என்றேன் நான்.

“உங்க எழுத்தைப் போட்டாலே சூடாயிடுது சார். நான் இன்னா பண்ண?”

இந்தக் கிண்டலில் தாள்கள் கலந்துவிட்டன. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கட்டுரைக்குள் அந்த அம்மாளின் ஐந்து தாள்கள். ஒழுங்கான மனுஷன் உடனே திருப்பிக் கொடுத்திருப்பான். நான் எழுத்தாளன். உட்கார்ந்து படித்தேன்.

அது ஒரு காப்புக்காட்டின் பத்தாண்டுத் திட்டத்தில் ‘காணப்படும் விலங்கினங்கள்’ என்ற பக்கம். 1966, 1976, 1986, 1996. நான்கிலும் ஒரே பட்டியல்: குள்ளநரி, முயல், நட்சத்திர ஆமை, கவுதாரி, காட்டுப்பூனை, புள்ளிமான் பன்னிரண்டு. ஆமாம், நான்கிலும் பன்னிரண்டு. நாற்பது வருஷமாக அந்த மான்களில் ஒன்று குட்டி போடவில்லை. ஒன்று சாகவில்லை. அரசாங்க வேலையில் சேர்ந்தவர்கள்கூட ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுக்குப் போகிறார்கள். இந்த மான்களுக்கு ஓய்வும் கிடையாது.

ஐந்தாவது தாள் 2006-இன் வரைவு. அதே பட்டியல், அதே பன்னிரண்டு மான். ஆனால் கடைசியில் ஒரு வரி கூடுதல்:

‘கல்குழியின் வடக்குத் திட்டில் கொம்பன் ஆந்தை ஒரு ஜோடி ஆண்டுதோறும் முட்டையிடுகிறது. தை முதல் சித்திரை வரை அங்கு எந்த வேலையும் செய்யலாகாது.’

அந்த வரியைப் பென்சிலால் அடித்திருந்தது. அடித்த கோடு மூன்று இடங்களில் நடுங்கியிருந்தது.

எட்டு நாள் கழித்துத்தான் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். சௌகத் அலி கடையில் அல்ல, வேறு கடையில். வெட்கம் என்று ஒன்று எனக்கும் உண்டு.

2

தொடக்கங்கள். எழுதியதும் கைவிட்டதும்:

‘நெடும்பாறைக் காட்டின் மீது மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை—’ (சூரியன் அங்கே கதிர் வீசுவது தைலமரத்தின் மீது. அதற்குப் பொன் எதற்கு?)

‘மனிதா, நீ என்று திருந்துவாய்?’ (எந்த மனிதன்? பெயர், பதவி சொன்னால் எழுதலாம். பொத்தாம்பொதுவாக மனிதனைத் திட்டினால் ஒருத்தனுக்கும் உறைக்காது. எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துக்கொள்வார்கள்.)

‘தபீதாளுக்கு ஆந்தை என்றாலே பயம்.’ (இதை வைத்துக்கொள்ளலாம். உண்மையும்கூட.)

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நெடும்பாறை என்று ஒரு காப்புக்காடு தாம்பரத்தைச் சுற்றி எங்கும் இல்லை. முதல் படியில் வேறு பெயர் வைத்திருந்தேன். அது நிஜப் பெயருக்கு ரொம்பக் கிட்டே இருந்ததால் மாற்றினேன். இதற்குக் காரணம் கதையின் முடிவில் தெரியும். அதிகாரிகளுக்குப் பயந்துதான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கொஞ்சம் உண்டு.

3

தபீதாளுக்கு ஆந்தை என்றாலே பயம். ஜெராக்ஸ் கடையில் பார்த்த அந்த அம்மாள்தான். ரேஞ்ச் ஆபீசில் இருபத்துமூன்று வருஷமாக டைப்பிஸ்ட். செம்பாக்கத்தில் வீடு. இரண்டு பஸ் மாறி வந்து, ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் குடையை மாட்டிவிட்டு உட்கார்ந்தால் ஐந்தே முக்கால் வரை காடு காடாகத் தட்டுவாள். ஆனால் அந்தக் காட்டுக்குள் அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை திட்டம் புதுப்பிக்க வேண்டும் என்று உத்தரவு வரும். பழைய புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே அடிப்பாள். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் அடித்தார். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் அடிக்கவும் தேவையில்லை, ஒட்டினால் போதும்.

(ஓர் இடைச்சொருகல். படிக்காமல் தாண்டினாலும் பரவாயில்லை, ஆனால் என் கோபம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் பக்கம் மாறவே இல்லை. மற்ற பக்கங்கள் மாறியபடியே இருந்தன. 1956-இல் புதரை வெட்டி விறகாக்கு என்றது திட்டம். வெட்டினார்கள். 1966-இல் வந்து பார்த்துவிட்டு, அடடா, இது சீரழிந்த காடு என்றார்கள். 1976-இல் தைலமரம். 1986-இல் தைலமரம் தண்ணீரைக் குடிக்கிறது, கத்திச் சவுக்கு வை. 1996-இல் மக்களே, நீங்களும் வந்து நடுங்கள். ஒவ்வொரு பத்து வருஷமும் பழைய திட்டத்தைத் திட்டிவிட்டு, அதே வேலையை வேறு மரத்தை வைத்துச் செய்தார்கள். இதற்கெல்லாம் அடிப்படை ஒரே ஒரு சொல். வரைபடத்தில் காரையும் சூரையும் களாவும் மண்டிய முள்காட்டின் மேலும், புல்வெளியின் மேலும், வெறும் பாறையின் மேலும் பச்சை மையில் எழுதியிருக்கும்: ‘வெற்றிடம்’. மரம் இல்லையென்றால் வெற்றிடம். கவுதாரி புல்லில் முட்டையிடும். முயல் புதரில் குட்டி போடும். ஆமைக்கு முள்ளடி நிழல் போதும். இவர்கள் எல்லாரும் ஐம்பது வருஷமாக வெற்றிடத்தில்தான் குடியிருந்தார்கள். வெற்றிடத்தை நிரப்பு என்று மேலே உத்தரவு. நிரப்பினார்கள். கத்திச் சவுக்கின் சருகு மெத்தை மாதிரி மூடிய தரையில் ஒரு புல் முளைக்கட்டும் பார்க்கலாம். ஒரு காட்டை அழிக்கக் கோடாலிதான் வேண்டும் என்று யார் சொன்னது? மண்வெட்டியும் மரக்கன்றும் போதும், மேலே ஒரு பெயர்ப்பலகை.)

இடைச்சொருகல் முடிந்தது. தபீதாளிடம் வருவோம்.

4

2005 ஜனவரியில் மேலிடத்திலிருந்து ஒரு தணிக்கைக் கடிதம் வந்தது. போன மழைக்கு நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன, ஆபீஸ் ஊழியர் ஒருவர் நேரில் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ரேஞ்சர் சுப்பராயலுவுக்கு முட்டிவலி. மற்ற இருவர் அன்றைக்கென்று லீவு. தபீதாள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூட வந்தவர் துளசிங்கம், தினக்கூலிக் காவலர், ஆபீஸ் பாஷையில் வாட்சர். இருபது வருஷமாக அந்தக் காட்டில் நடப்பவர். ஆபீஸ் ரெக்கார்டில் அவர் பெயர் இல்லை, ‘காவலர் – 1’ என்று மட்டும் இருக்கும்.

“இன்னா மேடம், கன்னு எண்ண வந்தீங்களா, குயி எண்ண வந்தீங்களா?” என்றார்.

“கன்றுதான். ஏன்?”

“குயி எல்லாம் அப்டியே கீது. கன்னுதான் ஒண்ணையும் காணோம். பாறை மேல கடப்பாறை போட்டு நட்டா எப்டி மேடம் வரும்?”

ஆயிரத்து இருநூறு குழிகள். உயிரோடு நாற்பத்திரண்டு. தபீதாள் எண்ணி எழுதிக்கொண்டே வந்தாள். கல்குழிக்கு வந்ததும் துளசிங்கம் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார். எந்தக் காலத்திலோ கல் வெட்டிக் கைவிட்ட பெரிய பள்ளம் அது. எதிர்ச்சுவரில், பாறைத் திட்டில், பழுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. முதலில் கல் என்றுதான் நினைத்தாள். கல் கண்ணைத் திறந்தது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கண்கள், எட்டணா அளவில்.

“ஐயோ,” என்றாள் தபீதாள்.

“பயப்படாதீங்க மேடம். கோட்டான். முட்டை மேல குந்திகினு கீது. கூடெல்லாம் கட்டாது, சும்மா தரையிலயே வச்சிடும். வருசா வருசம் அதே கல்லுதான். வூடு மாத்தாது.”

“கோட்டான் பாத்தா வீட்ல சாவு விழும்னு சொல்வாங்க.”

“நான் இருவது வருசமா பாக்குறேன். எங்க வூட்ல எவனும் சாவுல. கடன்காரன்கூட சாவுல மேடம், அதான் பேஜாரு.”

தபீதாளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பறவை சிரிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தது. ‘நீ யார், இங்கே எதற்கு வந்தாய்’ என்று கேட்பதுபோல— (இல்லை. ஆந்தை எதையும் கேட்கவில்லை. ஆந்தைகளைக் கேள்வி கேட்க வைப்பது எழுத்தாளர்களின் கெட்ட பழக்கம். அது பார்த்தது. அவ்வளவுதான்.)

இறங்கும்போது தபீதாள் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தாள். அவளே நகலெடுத்த வரைபடம்தான். கல்குழியின் மேல் பச்சை மை: ‘வெற்றிடம் – அடுத்த கட்ட நடவுக்கு.’

5

இங்கே எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம் வந்ததைச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு சொல்லைக்கூடத் தன்னுடையதாகச் சேர்க்காத டைப்பிஸ்ட், ஒரே நாளில் எப்படி மாறுவாள்? கதையில் இப்படி வந்தால் நானே நம்பமாட்டேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்த பிறகு பழக்கமாகிவிட்டிருந்த அவரிடமே கேட்டேன்.

“மாறல்லாம் இல்ல சார். எனக்கு ஆபீஸ் தெரியும், அவ்ளோதான்,” என்றார். “நாங்க யாரும் படிக்க மாட்டோம். காப்பி பண்ணுவோம். ஒரு வரி உள்ளே போயிடுச்சுன்னா அம்பது வருஷத்துக்கு யாராலும் அதை எடுக்க முடியாது. அந்த மான் இருக்கு பாருங்க, அந்த மாதிரி. இல்லாத மானே இத்தனை வருஷம் உயிரோட இருந்தா, இருக்கிற ஆந்தை இருக்கக் கூடாதா?”

என் வாழ்க்கையில் கேட்ட மிகச் சிறந்த வனக்கொள்கை இதுதான். சோம்பேறித்தனத்தையே ஒரு சரணாலயமாக்கிவிட்ட யோசனை. 2006 வரைவில், பன்னிரண்டு மான்களுக்குக் கீழே, அவள் அந்த இரண்டு வாக்கியத்தையும் அடித்துச் சேர்த்தாள். கை வியர்த்ததால் கீபோர்டை முந்தானையால் துடைத்தாளாம். சுப்பராயலு ஒரு பக்கத்தையும் புரட்டாமல் கடைசியில் கையெழுத்துப் போட்டார். வரைவு மேலே போனது.

கணக்குப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. ஒரே ஒரு தப்பு: இந்தத் தடவை ஒருவர் படித்துவிட்டார்.

6

அவர் யார் என்று சொல்வதற்கு முன்னால் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் தொடர்ந்தால் நியாயமாக இருக்காது.

2001-இல் அதே காட்டில் ஒரு மரம் நடு விழா. ‘பிரபல எழுத்தாளர்’ என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். (அழைப்பிதழில் மட்டும்.) முயல் ஓடிக்கொண்டிருந்த ஒரு புல்மேட்டில் எனக்காக ஏற்கெனவே தோண்டி வைத்திருந்த குழியில் ஒரு கத்திச் சவுக்குக் கன்றை இறக்கினேன். ஒரு குடம் தண்ணீர். ஒரு சால்வை. சுப்பராயலுதான் போர்த்தினார். ‘ஒரு மரம், ஒரு தவம்’ என்று மூன்று பத்திக்கு உருகி எழுதி ஒரு வாரப் பத்திரிகையில் போட்டேன். நல்ல கடிதங்கள் வந்தன.

என் மரம் பிழைத்துவிட்டது. போன மாதம் போய்ப் பார்த்தேன். தடியாக நிற்கிறது, தகரத்தில் என் பெயர். அடியில் ஒரு புல் இல்லை.

7

படித்தவர் சுப்பராயலு. படிக்கும் பழக்கத்தால் அல்ல, வேறு வழியில்லாமல்.

அந்த வருஷம் ‘சூழல் சுற்றுலா’ என்று புதுத் திட்டம் வந்திருந்தது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்: ‘இக்காட்டின் முகமாக விளங்கும் உயிரினம்’. அதை நிரப்பாவிட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். சுப்பராயலு முதல் தடவையாகத் தன் காட்டில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். எங்கே தேடினார்? நாற்பத்தொன்றாம் பக்கத்தில்.

“மேடம்! சூப்பர் மேடம்! இந்த ஆந்தை மேட்டர் யாரு போட்டது?”

தபீதாள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். “வாட்சர் ரிப்போர்ட் சார்.”

“மான் எல்லா ஊர்லயும் இருக்கு. ஆந்தை யாருகிட்ட இருக்கு? ஆந்தைப் பூங்கா! கல்குழிக்குப் படிக்கட்டு, வடக்குத் திட்டுல வியூ பாயின்ட். பேரன்ட்ஸ் பசங்களோட வருவாங்க. சிறுசேரியில இருந்து ஐ.டி. ஆளுங்க சண்டே சண்டே வருவாங்க. உள்ள வந்ததும் முதல்ல ஒரு ஆந்தை சிலை, பதினாலு அடி.”

“சார்... தையிலேர்ந்து சித்திரை வரை அங்க வேலை கூடாதுன்னு அதே வரியில இருக்கு சார்.”

“நீங்க டைப் பண்ணினதை எனக்கே வாசிச்சுக் காட்டறீங்களா? வேலையெல்லாம் மார்கழிக்குள்ள முடிச்சுடுவோம். பிப்ரவரில திறப்பு விழா. விழா எப்படி மேடம் வேலையாகும்?”

(சுப்பராயலுவை நான் கோமாளியாக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. கெட்டவராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் லஞ்சம் வாங்கியதாக யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வருவார். மரம் என்றால் உயிர். கன்று வாடினால் காலைச் சோறு இறங்காது. அந்தக் காட்டுக்கு இதைவிட மோசமான ஆபத்து வேறு என்ன வேண்டும்?)

8

சிலை வந்தது. செய்தவர் கல்யாண மண்டபங்களுக்குச் சிங்கம் செய்து பழகியவர். ஆதலால் ஆந்தைக்குப் பிடரி மாதிரி ஏதோ ஒன்று முளைத்திருந்தது. கொம்பன் என்று ஃபைலில் இருந்ததால் காளைக் கொம்பு இரண்டு வைத்துவிட்டார். கண்ணில் சிவப்பு பல்பு.

பிப்ரவரி இரண்டாம் வாரம் திறப்பு விழா. கல்குழிச் சுவரில் கம்பித் தடுப்போடு பார்வை மேடை. அதற்குப் பன்னிரண்டு அடி கீழே, அதே கல்லில், மூன்று முட்டைகளின் மேல் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. மார்கழி முழுக்க நடந்த கல் இடிப்பையும் தாங்கிக்கொண்டு அங்கேயே வந்திருந்தது. வூடு மாத்தாது என்று துளசிங்கம் சொன்னாரே.

நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. முக்கியஸ்தர் ஒருவர் வந்தார். ‘இயற்கை நம் தாய்’ என்றார். தாயைக் காப்போம் என்றதும் பத்தாயிரம் வாலா பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினார்கள்.

கல்குழியில் ஒலி எப்படித் திரும்பித் திரும்பி வரும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தபீதாள் கூட்டத்தின் பின்வரிசையில் குடையோடு நின்றிருந்தாள். தலைக்கு மேல் பெரிய இறக்கை இரண்டு போனதை அவள் பார்த்தாள். கூட்டம் கைதட்டியது, ஏற்பாடு செய்து பறக்கவிட்டார்கள் என்று நினைத்து. சுப்பராயலு மைக்கில் சொன்னார்: “இதோ! நம் விருந்தினரே வந்து வாழ்த்திவிட்டார்!”

துளசிங்கம் ஓடி வந்தார். “மேடம், முட்டை மூணும் தொறந்து கெடக்கு. இந்த வெயில்ல வெந்துடும். ஜனம் போவுற வரைக்கும் அது திரும்பாது.”

“என்ன பண்ணலாம் அண்ணா?”

இத்தனை வருஷத்தில் துளசிங்கத்தை அவள் அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அவள் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு பாறை இடுக்கில் இறங்கினார். திட்டின் ஓரத்தில், கல்லில் குடைக்காம்பைச் சொருகி நிழல் விழும்படி வைத்துவிட்டு ஏறி வந்தார். மேடையிலிருந்து பார்த்தவர்கள், கீழே கறுப்புக் குடை ஒன்று எதற்கு என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு பையன் அதன்மேல் ஐஸ்கிரீம் குச்சியை எறிந்தான்.

சாயங்காலம் வரை குடை நின்றது. பறவை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஓட்டுத்துண்டு மட்டும் இருந்தது. கீரியாக இருக்கும். அதற்கும் வாழ வேறு இடம் இல்லையே.

குடையை எடுத்துவர யாருக்கும் மனசு வரவில்லை.

அன்றைக்கு மதியம் தபீதாள் அடித்த அறிக்கை: ‘விழா இனிதே நடைபெற்றது. ஆந்தை ஜோடி நலமாக உள்ளது.’ சுப்பராயலு சொல்லச் சொல்ல அடித்தாள்.

9

இனி முடிவுகள். கடையில் இருக்கும் சரக்கையெல்லாம் எடுத்துப் போடுகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் முடிவு: தபீதாள் ‘இனி நான் அடிக்கமாட்டேன்’ என்று கீபோர்டைத் தள்ளிவிட்டு வெளியேறுகிறாள். மழை பெய்கிறது. (பிப்ரவரியில் தாம்பரத்தில் மழையா? கைவிடப்பட்டது. மேலும், அவள் மகள் பிளஸ்ஸி இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம்.)

இரண்டாம் முடிவு: சுப்பராயலு கல்குழியில் அந்தக் குடையைப் பார்த்து மனம் மாறி— (பார்த்தார். ‘குப்பையை எடுங்கப்பா’ என்றார்.)

மூன்றாம் முடிவு: பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கேட்டது. கதையை அவரிடம் சொன்னேன். “பிரமாதம் சார்! சுற்றுச்சூழல் சிறப்பிதழுக்கு வச்சுக்கலாம். ஆந்தை இப்ப எங்க இருக்குன்னு முடிச்சீங்கன்னா வாசகருக்கு ஒரு நம்பிக்கை வரும். ஒரு போட்டோ, ஒரு சின்ன மேப்பு...”

ஆமாம். அவர் கேட்டதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆந்தை இருக்கிறது.

10

மார்ச் கடைசியில் துளசிங்கம் ஆபீசுக்கு வந்து, யாரும் இல்லாதபோது தபீதாளின் மேசைப் பக்கம் குனிந்தார்.

“மேடம், அந்த ஜோடி கண்ணுல பட்டுடுச்சு. ரெண்டும் ஒண்ணாதான் கீது. அடுத்த தைக்கு எடம் பாத்துகினு கீதுங்க.”

“எங்க?”

சொன்னார். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

ஏப்ரலில் ஒரு நாளிதழில் செய்தி: ‘ஆந்தையில்லாத ஆந்தைப் பூங்கா’. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. சுப்பராயலு இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பாவம், முகம் வாடியிருந்தது. உண்மையிலேயே வாடியிருந்தது.

“துளசிங்கம், அது எங்கயோ போயிருக்கும்யா. கண்டுபிடி. நாம அதை விட்டுடக் கூடாது. அங்கேயும் ஒரு ஃபேஸ் டூ போட்டுடலாம். இந்தத் தடவை பெரிசா. ஃபைனல் புக்கு பைண்டிங் போறதுக்குள்ள இடத்தைச் சொல்லிடு, மேடம் அந்த வரியில சேத்துடுவாங்க.”

துளசிங்கம் ரேஞ்சரைப் பார்க்கவில்லை. தபீதாளைப் பார்த்தார். அவருக்குத் தினக்கூலி. ரேஞ்சர் நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது.

“நான் பார்த்த வரைக்கும் எங்கயும் இல்ல சார்,” என்றார்.

“மேடம்? வாட்சர் ரிப்போர்ட் ஏதாவது?”

தபீதாள் தன் சர்வீஸில் தப்பான கணக்கு அடித்திருக்கிறாள், சொல்லச் சொல்ல அடித்த பொய்களும் உண்டு. தானாக ஒரு பொய்யை உண்டாக்கியதில்லை.

“இல்ல சார். தேடிப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல.”

அப்புறம்தான் அவள் பழைய புத்தகங்கள் நான்கையும் வரைவையும் எடுத்துக்கொண்டு சௌகத் அலி கடைக்கு வந்தாள். பட்டியல் முன்னே எப்படி இருந்ததோ, ஒரு புள்ளிகூட மாறாமல் அப்படியே திரும்ப வைக்க வேண்டும். கடைக்கு வருமுன்பே ஐந்தாவது தாளில் பென்சிலால் தன் வரியைத் தானே அடித்திருந்தாள். கோடு நடுங்கிய மூன்று இடங்களைச் சொன்னேன் இல்லையா? ‘ஜோடி’, ‘ஆண்டுதோறும்’, ‘தை’.

ஃபைனல் புத்தகம் வந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பன்னிரண்டு மான்கள் சுகமாக இருக்கின்றன. ஆந்தை இல்லை. அது இருந்ததாகவே அந்தப் புத்தகத்தின் எந்தத் தாளிலும் இல்லை. அந்தக் காட்டில் இப்போது பத்திரமாக இருக்கும் ஒரே உயிர், பட்டியலில் பெயர் இல்லாத உயிர்தான். துறையின் ஐம்பது வருஷச் சாதனை இது. வேண்டுமானால் கல்வெட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது தபீதாள் இப்போது ஒரு இடத்தில் வாயை மூடிக்கொள்கிறாளாம். “அதுக்கு மட்டும் வருத்தப்படலை சார். வருத்தப்படாததை எப்படிச் சத்தமா சொல்றது?”

துளசிங்கத்துக்கு வேலை போகவில்லை. காட்டில் காவலுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று பூங்கா வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். சிமெண்ட் ஆந்தைக்குக் காவல். காக்கை எச்சத்தைத் தினம் கழுவ வேண்டும். அங்கேதான் நான் அவரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து மெல்லக் கேட்டேன். தபீதாள் சொல்ல மறுத்ததை அவர் சொல்லிவிட்டார்.

“நீங்க எழுத்தாளர்தானே சார். யாரும் படிக்க மாட்டாங்கல்ல?”

11

ஆக, எனக்குத் தெரியும். கதை முழுக்க இந்தப் பத்தியை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. அந்த இடம் எது என்று எழுதினால் நல்ல முடிவு. நம்பகமான முடிவு. ஆசிரியர் மேப்பு போடுவார். நீங்கள் நல்லவர்கள், ஆந்தையைத் தொந்தரவு செய்யமாட்டீர்கள், தூரத்தில் நின்று ஒரே ஒரு போட்டோ எடுப்பீர்கள். அந்த ஒருவரைத் தொடர்ந்து நாற்பது பேர் வருவார்கள். பிறகு நம் குடியிருப்போர் சங்கம் ஒன்று, ஆந்தைக்கு நிழல் வேண்டாமா என்று கன்றுகளோடு வரும். என்னையும் கூப்பிடும். சால்வையோடு. நான் போகமாட்டேன் என்று உங்களுக்கு உறுதி தர முடியுமா? 2001-இல் போனவன்தானே.

தபீதாளின் வரிக்கு நேர்ந்தது என் வரிக்கு நேராது என்று நினைக்க எனக்கு என்ன தகுதி? அவளை ஒருவர் படித்தார். அதுவே போதுமாக இருந்தது.

அதனால் அந்த வாக்கியத்தை எழுதி, அடித்து, அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்:

[                                                                        ]

அச்சுக் கோப்பவர் பார்த்துவிட்டு, ‘சார், இங்கே காலியா இருக்கு, ஒரு மரம் படம் போடட்டுமா?’ என்று கேட்பார். வேண்டாம். காலியாக இல்லை. தயவுசெய்து அதை யாரும் நிரப்ப வேண்டாம்.

முடிவு வேண்டும் என்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். தை பிறந்ததும் மூன்று மாதத்துக்கு அந்தப் பக்கம் போகாமல் இருங்கள்.

எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.